யாரு பெத்த பிள்ளையோ

இரவு இரண்டரை மணி இருக்கும். அப்பாவின் படுக்கை நனைந்திருந்தது. அவரை மெல்ல எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து, விரிப்பை உருவிப்போட்டு வேறொன்றை விரித்து, உடை மாற்றிவிட்டுத் திரும்பப் படுக்கவைத்தேன். போர்வையை இழுத்துவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்."

அவர் பெற்ற பிள்ளைதான். நாற்பத்தாறு வருஷமாக.

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். குழாய், சத்தம் வெளியே கேட்காமல் இருப்பதற்கு. அல்சைமர் என்று பெயர் தெரிந்து அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தால் என்ன?

காலையில் வழக்கம்போல முழங்காலில் நின்று "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். வாய் சொன்னது. நான் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த வித்தியாசம் என் காதில் விழுந்தது.

கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், 'ஸ்தோத்திரம்' எங்கள் வாயில் என்னென்ன வேலையெல்லாம் செய்யும் என்று. வணக்கமும் அதுதான், போனை எடுத்தால் முதல் வார்த்தையும் அதுதான். பேச்சு தீர்ந்துபோய் என்ன சொல்வதென்று தெரியாத இடத்தை நிரப்புவதும் அதுதான். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "ஸ்தோத்திரம், கர்த்தர் நடத்துறார்." அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கக் கூடாது என்பதற்காகவே பல நேரம் அதைச் சொல்கிறோம். எனக்கு அது நல்ல மூடியாக இருந்தது. உள்ளே என்ன கொதிக்கிறது என்று எனக்கே தெரியாதபடி மூடிவைத்திருந்தேன்.

அந்த வாரம் ஜெபக் கூட்டத்தில் மூடி கொஞ்சம் நழுவிவிட்டது. அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். மூத்த விசுவாசி ஒருவர் உடனே சொன்னார்: "எல்லாம் நன்மைக்குத்தான் சிஸ்டர். இதுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் பண்ணுங்க. பண்ணிப் பாருங்க, மாறும்." பிறகு ஒரு துதிப் பாடலைக் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நீதிமொழிகள் 25:20ஐப் பின்னால் ஒரு நாள் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போல என்கிறது. சாலொமோனுக்கும் இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் 'பண்ணிப் பாருங்க' என்பது மனதில் தங்கிவிட்டது. ஒரு நோட்டு எடுத்தேன். தினமும் பத்து நன்றிகள் எழுதுவது என்று தீர்மானம். முதல் நாள் உற்சாகமாகப் பத்தும் வந்தன. குடும்பம், உடல்நலம், வேலை, தங்க ஒரு வீடு, இரட்சிப்பு என்று. இரண்டாம் நாளும் அதே பத்து, வரிசை மட்டும் மாறி. மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' போடுவது போல இருந்தது. ஒன்பதாம் நாள் நோட்டை மேசை இழுப்பறையின் அடியில் தள்ளிவிட்டேன். மனசு லேசாகவில்லை. நன்றிகெட்டவள் என்ற புதுப் பட்டம் ஒன்று சேர்ந்ததுதான் மிச்சம்.

அந்த நோட்டு ஏன் தோற்றது என்று இப்போது சொல்ல முடியும். எல்லாமே பொதுப்பெயர்கள். 'குடும்பம்' என்று எழுதும்போது என் கண்முன் யாருமே இல்லை. இன்னொன்று, எண்ணிக்கை. பத்து என்று வைத்ததும் அது கணக்கு முடிக்கும் வேலையாகிவிட்டது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். அதில் ஒரு குழுவை வாரம் ஒரு முறைதான், அதுவும் ஐந்து விஷயம் வரைதான் எழுதச் சொன்னார்கள். பத்து வாரம். எரிச்சலூட்டியவற்றை எழுதிய குழுவைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கை மொத்தத்தில் பரவாயில்லை என்று சொன்னார்களாம். வாரம் ஐந்து எங்கே, நான் போட்ட எழுபது எங்கே!

ஆனால் என் அடிப்படைப் பிழை இது எதுவுமில்லை. வசனத்தையே தவறாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள். இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள். எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்கிறார் பவுல், 1 தெசலோனிக்கேயர் ஐந்தாம் அதிகாரத்தில். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய வசனம். 'எல்லாவற்றிலேயும்' என்றுதான் இருக்கிறது. அப்பாவின் மூளை சுருங்குவதற்காக நன்றி சொல் என்று அது கேட்கவில்லை. அப்பாவின் மூளை சுருங்கிக்கொண்டிருக்கும் இந்த வீட்டுக்குள் நின்று நன்றி சொல்ல முடியுமா என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் மூச்சுவிடும் அளவுக்கு இடம் இருக்கிறது. (எபேசியர் 5:20இல் 'எல்லாவற்றிற்காகவும்' என்றே வருகிறது என்று யாராவது சொல்வார்கள். வருகிறது. அந்த வசனத்தை நான் இன்னும் முழுதாக விழுங்கவில்லை. மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.)

பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைத் திரும்பப் படித்ததும் அந்த நாட்களில்தான். சந்தோஷ நிருபம் என்பார்கள். "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்; சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்" என்று அதில்தான் இருக்கிறது. எழுதும்போது பவுல் கட்டப்பட்ட கைதி. இது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடிதம் எந்த ஊருக்குப் போகிறது என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை. பிலிப்பி. அப்போஸ்தலர் 16இல் பவுலையும் சீலாவையும் வஸ்திரங்களைக் கிழித்து, அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டிய ஊர். நடுராத்திரியில் அவர்கள் பாடினார்கள், மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறதே, அதே ஊர். நிருபத்தை வாங்கி வாசித்தவர்களில் அந்தச் சிறைக்காரனும் இருந்திருக்கலாம். அன்றிரவு பவுலின் முதுகுக் காயத்தைக் கழுவிய கை அவனுடையது. சந்தோஷமாயிருங்கள் என்று இந்த மனுஷன் சொன்னால் அவனால் தட்ட முடியாது.

அதே கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அதைச் சுவரில் மாட்டியிருப்பதை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. பிலிப்பியர் பவுலுக்கு உதவ அனுப்பிய எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்ததைச் சொல்லும்போது, தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார். அப்படியென்றால் முதல் துக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒளிக்கவில்லை. மூடி போடவில்லை. நான்காம் அதிகாரத்தில், எந்த நிலைமையிலிருந்தாலும் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். கற்றுக்கொண்டாராம். பவுலுக்கே பாடம் படித்துத்தான் வந்திருக்கிறது என்றால் ஒன்பது நாள் நோட்டில் எனக்கு வராததில் அதிசயம் என்ன இருக்கிறது?

இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தேன். இந்த முறை இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொண்டேன்.

இடது பக்கம், இழந்தவை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆபகூக் தீர்க்கதரிசி. மூன்றாம் அதிகாரத்தின் கடைசியில் "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்று சொல்வதற்கு முன்னால் அவர் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சச்செடியில் பழம் இல்லை, ஒலிவமரம் பலன் கொடுக்கவில்லை, வயலில் தானியம் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆறு இழப்பு. ஒன்றையும் விடவில்லை, எதையும் 'நன்மைக்குத்தான்' என்று சொல்லவும் இல்லை. எண்ணி முடித்த பிறகுதான் வாயிலிருந்து மகிழ்ச்சி வருகிறது. எனவே நானும் எழுதினேன். 'என் பெயரை இன்று சொல்லவில்லை.' 'அம்மா எங்கே என்று நான்கு தடவை கேட்டார். அம்மா இறந்து பதினொரு வருஷம்.' எழுதும்போது கை வலிக்க அழுத்தி எழுதினேன். சங்கீதம் 13 நல்ல துணையாக இருந்தது. ஆறே வசனம், அதற்குள் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறான் தாவீது. முடிவில் பாடுவேன் என்கிறான். எனக்குப் பாட வராத நாட்களில் 88ஆம் சங்கீதத்துக்குப் போய்விடுவேன். அது கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

வலது பக்கம், ஒரே ஒரு நன்றி. ஒன்றுதான். ஆனால் நேரமும் இடமும் வேண்டும். அந்த நாளில் மட்டுமே நடந்திருக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். 'அப்பா' என்று எழுதக் கூடாது. 'காலை எட்டு மணி. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். ஒன்று மாறிப்போனது, நான் சரிசெய்யவில்லை.' இப்படி. 'மழை விட்டதும் ஜன்னல் கம்பியில் துளிகள். விரல் வைத்து எண்ணினார், ஒன்பது வரை சரியாக.'

முதல் சில வாரங்களில் இரவு உட்கார்ந்து நாளைத் துழாவினால் ஒன்றும் கிடைக்காது. நாள் முழுக்கக் குருடாக இருந்துவிட்டு இரவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இரவில் ஒரு வரி எழுத வேண்டும் என்ற நிர்ப்பந்தம் மெல்லமெல்லப் பகலில் கண்ணைத் திறந்துவைத்தது. பத்து மணிக்கு எதையாவது பார்த்தால், 'இது இன்றைய வரியாக ஆகுமா?' என்று மனம் கேட்க ஆரம்பித்தது. சந்தோஷத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். காலையில் எழுந்து ஒரு பொத்தானை அமுக்குகிற மாதிரி. உணர்ச்சியைத் தேர்ந்துகொள்ள எனக்கு இன்றுவரை வரவில்லை. எங்கே பார்ப்பது என்பதைத்தான் தேர்ந்துகொள்ள முடிகிறது. சந்தோஷம் பின்னால் வந்தால் வரும். பல நாள் வந்தது. சில நாள் வரவில்லை.

கத்தோலிக்கத் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே நாளை ஆராய்ந்து பார்க்க ஐந்து படிகள் சொல்லிவைத்திருக்கிறார், முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதுதான், பாவங்களைத் தேடுவது அதற்குப் பிறகுதான் என்றாள். நான் வளர்ந்த முறையில் இரவு ஜெபம் பாவ அறிக்கையில்தான் தொடங்கும். வரிசையை மாற்றிப்பார்த்தேன். நன்றியில் தொடங்கினால் குற்றத்தையும் நேராகப் பார்க்க முடிகிறது. தப்பித்து ஓடத் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் எழுதினவள் ஆவேன். நோட்டு எழுதத் தொடங்கி மூன்று மாதத்தில் நான் படுத்துவிட்டேன். தூக்கம் போயிற்று, பசி போயிற்று. எழுந்து பல் தேய்ப்பதே மலையேறுவது போல. வலது பக்கம் வரிகள் இருந்தன, ஆனால் எழுதியது யார் கை என்று தெரியாததுபோல் இருந்தது. இன்னும் அதிகமாகத் துதித்தால் சரியாகும் என்று இரண்டு வாரம் வீணாக்கினேன். பிறகுதான் மருத்துவரிடம் போனேன். மன அழுத்த நோய் என்றார். மருந்து கொடுத்தார், முதலில் தூங்க ஏற்பாடு செய்யுங்கள் என்றார். எலியா தீர்க்கதரிசியின் கதை அதேதான். 1 இராஜாக்கள் 19இல் சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, நன்றியில்லையா உனக்கு என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்குகிறான். தூதன் இரண்டாம் தரமும் வந்து அதையே சொல்கிறான். கர்த்தர் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. வாரக்கணக்காக எதிலும் சந்தோஷம் ஒட்டவில்லை என்றால், சாகத் தோன்றுகிறது என்றால், தயவுசெய்து நோட்டைத் தேடாதீர்கள். மருத்துவரைத் தேடுங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் எலியாவைக் காட்டுங்கள்.

மருத்துவர் தூங்க ஏற்பாடு செய் என்றாரே, அங்கேதான் அண்ணன் வருகிறான். அவன் வெளியூர். மாதாமாதம் பணம் அனுப்புவான், ஞாயிறுதோறும் போன் செய்வான், ஆலோசனை சொல்வான். 'அண்ணன் பணம் அனுப்பினான், ஸ்தோத்திரம்' என்று நோட்டில் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்பது நோட்டில் இல்லை. புகார் சொல்லாமல் இருப்பதுதான் நன்றியுள்ள மனசு என்று நினைத்தேன். உண்மையில் எனக்குச் சண்டை போடப் பயம். பயத்துக்கு நல்ல பெயர் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அன்று போனில் கேட்டுவிட்டேன். "அண்ணே, எனக்குப் பணம் இருக்கு. தூக்கம்தான் இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை, ரெண்டு ரெண்டு வாரம் நீ வந்து அப்பாகூட இருக்கணும். ராத்திரியும் நீதான்." வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "நீ ஏன் இதை முன்னாடியே கேக்கல?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வந்தான். முதல் வாரம் படாதபாடு பட்டான். நான் பதினோரு மணிநேரம் தூங்கினேன். அதிலிருந்து நோட்டின் கீழே ஒரு கோடு போட்டு மூன்றாவதாக ஒரு வரி எழுதுகிறேன். 'யாரிடம் என்ன கேட்க வேண்டும்.' பெரும்பாலும் காலியாக இருக்கும். இருக்கும்போது இழுத்தடிப்பதில்லை.

பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் அக்காவிடமும் ஒன்று கற்றுக்கொண்டேன், வெட்கத்தோடு. ஒரு நாள் என் ஜெபம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அக்காவுக்காக நான் கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். "சாமிகிட்ட சொல்றீங்க, எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. பவுல் பிலிப்பியருக்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறார், அதைக் கடிதத்தில் எழுதி அவர்களுக்கே சொல்லவும் செய்கிறார். இந்த இரண்டாவது பாதியை நான் சுத்தமாக விட்டிருந்தேன். இப்போது நோட்டில் ஒரு மனுஷர் பெயர் வந்தால், மறுநாள் இருட்டுவதற்குள் அவரிடம் நேரில் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன். எது செய்தீர்கள், அதனால் எனக்கு என்ன ஆயிற்று என்று. 'எல்லாத்துக்கும் நன்றி' என்று சொன்னால் அது மறுபடி மூடிதான்.

பிரசங்கங்களில் 'மகிழ்ச்சி வேறு, சந்தோஷம் வேறு. ஒன்று சூழ்நிலையால் வருவது, மற்றது ஆவியானவர் தருவது' என்று பிரித்துக் காட்டுவார்கள். எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. நம் வேதாகமத்தில் அந்த வார்த்தைகள் அப்படி வேலிபோட்டு நிற்கவில்லை. நெகேமியா 8:10இல் "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்" என்றுதான் இருக்கிறது. அந்த வசனத்தின் முன்பாதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. நியாயப்பிரமாணத்தைக் கேட்டு ஜனங்கள் அழுதுகொண்டிருக்கிறார்கள். போய்ச் சாப்பிடுங்கள், குடியுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள் அவர்களிடம். ஆக, அந்த மகிழ்ச்சிக்கு வயிறும் உண்டு, அடுத்த வீடும் உண்டு. ஆவிக்குரியது என்று சொல்லி அதை உடம்பிலிருந்து உரித்தெடுக்க எனக்கு மனமில்லை. நான் சிரிக்கும்போது அப்பாவும் சிரிக்கிறார், ஏன் என்று தெரியாமலே. நடந்தது மறந்துபோனாலும் அதனால் வந்த உணர்ச்சி அவரிடம் கொஞ்ச நேரம் தங்கும் என்று மருத்துவர் சொன்னார். அதனால் சாயங்காலங்களை மாற்றினேன். சூரியன் இறங்கினால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. வீட்டுக்குள் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நிற்பார். முன்பெல்லாம் இதுதான் வீடு என்று வாதாடுவேன். இப்போது விளக்கைச் சீக்கிரம் போட்டுவிட்டுப் பழைய கீர்த்தனை ஒன்றை எடுத்துவிடுகிறேன். என் பெயர் மறந்தவருக்கு நான்கு சரணமும் தெரிகிறது. இரண்டாவது சரணத்தில் நான் தவறவிடும் வார்த்தையை அவர்தான் எடுத்துக்கொடுப்பார்.

இத்தனையும் எழுதியபிறகு, எது என்னை நிஜமாகவே திருப்பியது என்று கேட்டால் ஒரு திருவிருந்து ஞாயிறைத்தான் சொல்வேன். தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். போதகர் வழக்கமான வார்த்தைகளை வாசித்தார். ஆயிரம் தடவை கேட்டது. கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே அப்பத்தை எடுத்து, ஸ்தோத்திரம்பண்ணி... அன்று இராத்திரியிலே. காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார் என்று தெரிந்திருக்கிறது. அப்பத்தை எடுத்து நன்றி சொல்கிறார். அதே இரவில், சில மணி நேரம் கழித்து, கெத்செமனேயில் "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்கிறார். நன்றி சொல்லிவிட்டதால் துக்கம் வராமல் போகவில்லை. துக்கம் வரப்போகிறது என்பதால் நன்றியைத் தள்ளிப்போடவும் இல்லை. என் நோட்டின் இரண்டு பக்கமும் ஒரே இரவில் ஒரே ஆளிடம் இருந்தன. அப்பத்தை வாங்கக் கையை நீட்டும்போது என் வாயிலிருந்து ஸ்தோத்திரம் என்று வந்தது. அன்று சொன்னது நான்.

வீட்டில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. அப்பா இப்போது நடப்பது குறைந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தால், அன்றைக்குப் பத்தாவது தம்ளராக இருந்தாலும், முதல்முறை வாங்குகிறவர் போல முகம் மலர்ந்து நன்றி சொல்கிறார். கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்று வேதத்தின் புலம்பல் புத்தகத்தில் எழுதியிருப்பதற்கு இதைவிட வினோதமான உரையை நான் கேட்டதில்லை. இதை நோயின் ஆசீர்வாதம் என்று சொல்ல மாட்டேன். நோய் நோய்தான், இடது பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் வாங்கும் முகம் வலது பக்கத்தில் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஓர் இரவு மறுபடியும் அதே கேள்வி. விரிப்பு மாற்றி முடித்திருந்தேன். "யாரு பெத்த பிள்ளையோ." இந்த முறை குளியலறைக்குப் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நீங்க பெத்த பிள்ளைதான்ப்பா" என்றேன். என்னை உற்றுப்பார்த்தார். "அப்படியா? அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அன்றைய வரி அதுதான். மாதக்கணக்கில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் வெற்றுப் பக்கங்களும் உண்டு. விட்டுப்போன நாட்களைப் பின்னால் நிரப்புவதில்லை. தேதி மட்டும் போட்டு அப்படியே விட்டுவிடுவேன். இந்த வாரம் மூன்று நாள் வெறுமை. நேற்று எழுதியது இது:

'ஞாயிறு, மாலை ஆறரை. அண்ணன் போனில் அப்பாவோடு பேசினான். போனைக் கையால் மூடாமலே என்னைப் பார்த்து, யாரும்மா இந்தத் தம்பி, நல்லா பேசறானே, யாரு பெத்த பிள்ளையோ என்றார் அப்பா. அண்ணன் சிரித்துவிட்டான். பிறகு ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் போனை வைக்கவில்லை.'